பாலனைக் கொண்டுபோன மிக்கேல்

எங்கள் போர்டிங்கின் கூரையைப் புயல் தூக்கிக்கொண்டு போன மறுநாள் காலையில் என்னிடம் ஒரு ஒட்டகத்தைக் கொடுத்தார்கள்.

முறைப்படி சொல்வதானால், கொடுத்தவர் போர்டிங் சாமியார், அதாவது எங்கள் விடுதியை நடத்திய பாதிரியார். பெற்றுக்கொண்டவன் ஏழாம் வகுப்பு மாணவனும் மாணவர் சபையின் செயலாளருமான நான். கொடுத்ததற்கு ரசீது இல்லை, பெற்றதற்குக் கையெழுத்து இல்லை. பின்னாளில் அரசு அலுவலகத்தில் ஒரு மேசை விசிறியை இந்த அறையிலிருந்து அடுத்த அறைக்கு நகர்த்த யார் யாருடைய ஒப்புதல் வேண்டும் என்று பிறருக்குச் சொல்லிக்கொடுத்தே ஓய்வுபெற்றவன் நான். அந்தக் காலை நேரத்து நிர்வாகத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

போர்டிங் ஆவூருக்குப் பக்கத்து ஊரில் இருந்தது. ஓடு வேய்ந்த நீளக் கட்டடம். புயல் அடித்த கார்த்திகை இரவில் எங்களைக் கோயிலுக்குள் படுக்க வைத்திருந்ததால் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. விடிந்து வந்து பார்த்தால் ஓடுகள் மைதானத்தில் கிடந்தன, எங்கள் டிரங்குப் பெட்டிகள் தண்ணீரில் கிடந்தன, சோறு வடிக்கும் பெரிய அண்டா புளியமரக் கிளையில் கவிழ்ந்து தொங்கியது. அதை இறக்குவது பற்றிப் பெரியவர்கள் கவலையோடு பேசிக்கொண்டிருந்தபோது, அரையாண்டுப் பரீட்சையும் அதோடு பறந்திருக்கும் என்ற நம்பிக்கையில் நாங்கள் முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டிருந்தோம்.

எல்லாரும் வீட்டுக்குப் போகலாம், கூரை போட்டதும் சொல்லி அனுப்புகிறேன் என்றார் சாமியார். சொல்லிவிட்டு, கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கும் சுரூபங்களை ஒரு கூடையில் எடுத்துவந்து மாணவர் சபைக்காரர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுக்கத் தொடங்கினார். பத்திரமாக வைத்திருந்து, திரும்பி வரும்போது அவரவர் கையாலேயே கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பது கட்டளை. காரணம் எதுவும் சொல்லவில்லை. கூரை இல்லாத இடத்தில் சுண்ணாம்புப் பொம்மைகளை எப்படி வைத்திருப்பார் என்று நாங்களே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டோம்.

சபைத் தலைவன் ஆரோக்கியத்துக்கு யேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர் கிடைத்தார். குளத்தூர்ப் பையனுக்கு ஒரு ராசா. குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிக்கு மாடும் கழுதையும். எனக்கு ஒட்டகம். அதன்மேல் ஏறிவந்த ராசாகூட இல்லை, வெறும் ஒட்டகம். குழந்தை யேசுவை, அதாவது பாலனை, சாமியார் மிக்கேலிடம் கொடுத்தார்.

மிக்கேல் ஆறாம் வகுப்பு. ஊர் ஜெகதாப்பட்டினம். எங்களில் அவன் ஒருவன்தான் கடற்கரைக்காரன், அவன் வீடுதான் எல்லாரையும்விடத் தூரம். அப்பா மீன்பிடிப்பவர். புயல் கரையேறியதும் அந்தப் பக்கம்தான் என்று காலையிலேயே பேச்சு வந்திருந்தது. நான் உடனே ஆட்சேபம் தெரிவித்தேன்.

"சாமி, அவன் ஊரு கடக்கரையில இருக்கு. அங்கிட்டு வீடே இருக்கோ இல்லியோ. எங்க வீடு காரை வீடு. பாலன் எங்கிட்ட இருக்கிறதுதான மொறை?"

"ஏன்டா, ஒனக்கு ஒட்டகம் புடிக்கலியா?"

"புடிக்காம இல்ல சாமி. செயலாளருன்னு ஒருத்தன் இருக்கையில…"

"ஒட்டகம் ரொம்ப தூரம் நடக்கும்டா. நீயும் நடையக் கட்டு."

மேல்முறையீட்டுக்கு வழியில்லாத இடத்தில் அப்படித்தான் தீர்ப்பு வரும். மிக்கேல் பாலனைத் தன் துண்டில் சுற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். வயிறு புடைத்துக்கொண்டு அவன் பஸ் ஏறியது என் கண்ணுக்கு மிகவும் அலட்சியமாகத் தெரிந்தது.

எங்கள் ஊர் கீரனூர் ரோட்டில். வீட்டில் ஒட்டகத்தை அம்மா ரேடியோவின் மேல் நிறுத்தினாள். பக்கத்து வீட்டு அத்தை மோர் வாங்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இது எந்தச் சாமியோட வாகனம்க்கா?"

"சாமி வாகனமில்ல. சாமியப் பாக்க வந்த ராசாவோடது."

"ராசா எங்க?"

"அவரு குளத்தூர்ல இருக்காரு."

"அப்ப சாமி?"

"சாமி செகதாப்பட்டினத்துல."

அத்தை ஒட்டகத்தின் முதுகைத் தடவிக்கொடுத்தார். "பாவம்க்கா," என்றார். "மனுசங்களத்தான் புயலு செதறடிச்சுதுன்னா, ஒங்க சாமி குடும்பத்தையும் விட்டுவைக்கல பாருங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக் கூட்டம் நின்றுவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். பூசை முடிந்ததும், கூரையில்லாத எங்கள் சாப்பாட்டுக்கூடத்தில் கூடினோம். கூட்டத்துக்கு வருகிறவர் தம் சுரூபத்தையும் கொண்டுவர வேண்டும், அது வந்தால்தான் ஆள் வந்ததாகக் கணக்கு என்று ஒரு விதி கொண்டுவந்தேன். அதனால் ஞாயிறுதோறும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து சூசையப்பர் சைக்கிள் கேரியரிலும், மாதா தலைச்சுமைக் கூடையிலும், மாடும் கழுதையும் டவுன்பஸ்ஸிலும் வந்து சேர்ந்தார்கள். ஒரு நடத்துநர் கழுதைக்கு அரை டிக்கெட் கேட்டதாகத் தம்பிக்காரன் சத்தியம் செய்தான். எல்லாவற்றையும் சாப்பாட்டுக் கல்மேடையில் வரிசையாக வைப்போம். மாதாவும் சூசையப்பரும் குனிந்த தலையோடு நடுவில் இருக்கும் வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சாமியார் ஓடு இறக்குகிற ஆட்களோடு நின்றுகொண்டிருப்பார். எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முதல் கேள்வியாக, "மிக்கேல் சேதி உண்டா?" என்பார்.

"பாலன் சேதி இன்னம் இல்ல சாமி," என்று செயலாளர் பதில் சொல்வார்.

சேதி வரவேண்டியது என் மாமா வழியாக. அம்மாவின் தம்பி. ஜெகதாப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு மீன் ஏற்றும் லாரி ஓட்டினார். எங்கள் ஊர் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் ரோட்டோரம் நிறுத்தி ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். அவர் போன பிறகும் வாசனை வெகுநேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்.

முதல் தடவை மாமா ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கொண்டுவந்தார். "ஒங்க மிக்கேலு குடுத்தான். வீட்டுக்குக் கூரை இல்ல. படகு தென்னந்தோப்புல ஏறி நிக்கிது. மத்தபடி எல்லாரும் சொகம்."

"பாலன் எப்படி இருக்காராம்?"

"நல்லாத் தூங்குறாராம்."

கருவாட்டைச் சபையில் பங்கிட்டோம். சூசையப்பரோடு ஒரே பையில் கருவாடு போனதாக ஆரோக்கியத்தின் மேல் ஒரு புகார் வந்து, விசாரித்துத் தள்ளுபடி செய்தேன்.

இரண்டாவது தடவையும் கருவாடு வந்தது. பாலன் பற்றிக் கேட்டதற்கு மிக்கேல் பதில் சொல்லாமல், லாரிச் சக்கரத்தில் காற்று குறைவாக இருக்கிறது என்று பேச்சை மாற்றினானாம். அடுத்த தடவை கருவாடும் இல்லை.

"என் லாரியப் பாத்தாலே ஐஸ் பாக்டரிக்குள்ள ஓடி ஒளியிறான்டா," என்றார் மாமா. "அங்கதான் வேலைக்குச் சேந்திருக்கான். சாக்க மடிச்சுத் தோள்ல போட்டு ஐஸ் செமக்குறான். என்னமோ நான் ஜப்திக்கு வந்த அமீனா மாதிரி பாக்குறான்."

இதற்குள் போர்டிங்கில் பாதிக் கூரை போட்டுவிட்டார்கள். எல்லாரும் திரும்பலாம் என்று சாமியார் சொல்லி அனுப்பியிருந்தார். எல்லார் வீட்டிலிருந்தும் பதில் வந்தது. மிக்கேல் வீட்டிலிருந்து மட்டும், பையனுக்கு இனிமேல் படிப்பு வேண்டாமாம் என்று யாரோ சொல்லி யாரோ கேட்டு வந்தது. நான் அவசரக் கூட்டம் கூட்டினேன். பாலனைத் திரும்பப் பெற இருவர் கொண்ட குழு நேரில் செல்வது என்று தீர்மானம் நிறைவேறியது. மிக்கேலைப் பற்றித் தீர்மானத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. அவன் எங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பொருளல்லவே.

சாமியாரிடம் போய்ச் சொன்னேன். "பாலனை மீட்டுக்கிட்டு வர ரெண்டு பேரு போறோம் சாமி. எங்க மாமா லாரியில."

"மூணு பேரு," என்றார் சாமியார்.

திருச்சியில் மீனை இறக்கிவிட்டுக் காலி லாரியோடு மாமா வந்தபோது, ரோட்டோரம் வெள்ளை அங்கியோடு சாமியார் நிற்பதைப் பார்த்துப் பதறி, வாயிலிருந்த வெற்றிலையை விழுங்கிவிட்டார். மாமா ஒரு சாமியாரிடம் தம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து பல வருடங்கள் ஆகியிருந்தன. அது ஒருபுறம் இருக்க, மாமாவின் லாரி டீசலில் பாதியும் அவர் வாய்ச்சொல்லில் பாதியுமாக ஓடுவது. கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் கடற்கரைவரை ஓட்டுவதென்பது அவருக்குப் பிரேக் இல்லாமல் ஓட்டுவது போல. புதுக்கோட்டை தாண்டி ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது. மாமாவின் வாய் திறந்தது, சாமியார் பக்கம் திரும்பியது, மூடியது, மறுபடி திறந்தது.

"அண்ணே… கொஞ்சம் இங்கிட்டு ஒதுங்கிக்கிறீங்களா?"

லாரிக்காரர் இப்படிப் பேசி வாழ்நாளில் கேட்டிராத அந்த வண்டிக்காரர், ஏதோ ஆபத்து என்று நினைத்து மாட்டை வாய்க்காலில் இறக்கிவிட்டார்.

"எதுக்கு இப்புடி வேர்க்குது ஒனக்கு?" என்று சாமியார் மாமாவைக் கேட்டார்.

"என்ஜின் சூடு சாமி."

அறந்தாங்கிக்கு அப்பால் தென்னை மரங்கள் சீப்பால் வாரியதுபோல ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. ஜெகதாப்பட்டினத்தில் ஒரு படகு டீக்கடைக்குள் மூக்கை நுழைத்தபடி நின்றது. கடைக்காரர் அதற்காக வியாபாரத்தை நிறுத்தவில்லை. படகின் விளிம்பில் கிளாஸ்களைக் கவிழ்த்து அடுக்கியிருந்தார். "அணியத்துல, மூக்குப் பக்கமா ஒக்காருங்க சாமி, காத்து நல்லா வரும்," என்று எங்களையும் அழைத்தார்.

ஐஸ் பாக்டரி வாசலில் மிக்கேலைக் கண்டோம். தோளில் சாக்கு, சாக்கின்மேல் ஐஸ். என்னையும் ஆரோக்கியத்தையும் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியவன், எங்கள் பின்னால் சாமியாரைப் பார்த்ததும் ஐஸைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். உடைந்த ஐஸில் தலைவர் வழுக்கி விழுந்தார். செயலாளர் தலைவர்மேல் விழுந்தார். சாமியார் எங்கள் இருவரையும் தாண்டி, அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடி, வலை காயும் இடத்தில் அவனைப் பிடித்தார். ஊர் ஜனம் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தது. ஓட்டம் பிரமாதம் என்று யாரோ விசில் அடித்தார்கள்.

"எனக்குப் படிப்பு வேணாம் சாமி," என்றான் மிக்கேல், மூச்சு வாங்க.

அவன் அப்பா வலைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். "தோத்திரம் சாமி. நல்லவேளை நீங்களே வந்தீங்க. நானும் ரெண்டு வாரமா, போடா போடாங்கிறேன். எங்க பொழப்பு எப்படியும் எந்திரிச்சிரும், நீ போயிப் படின்னு சொல்றேன். மாட்டவே மாட்டேங்கிறான். என்னன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறான். படிப்பு ஏறல போலன்னுட்டுத்தான் ஐஸ் பாக்டரியில விட்டேன். அங்கயும் இவன் கொண்டுவந்து சேக்குறதுக்குள்ள பாதி உருகிப்போயிருது."

"பாலன் எங்கடா?" என்றேன் நான். வந்த காரியம் எனக்கு மறக்கவில்லை.

மிக்கேல் தலையைக் குனிந்துகொண்டு முன்னால் நடந்தான்.

அவர்கள் வீட்டுக்குப் பழைய பாய்மரத் துணிதான் கூரையாக இருந்தது. உள்ளே ஒரு சேலைத் தூளி ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு, பேசத் தொடங்கிக் கொஞ்ச காலமே ஆகியிருந்த அவன் தங்கை நின்றாள். எங்களைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போதாதீங்க. பாப்பா தூங்குது."

தூளிக்குள் எட்டிப் பார்த்தேன். துண்டில் சுற்றி, பொட்டு வைத்து, பாலன் படுத்திருந்தார். பொட்டு இருந்த அளவுக்கு முகம் இல்லை. மூக்கு இல்லை. கண்கள் இருந்த இடம் வழவழவென்று இருந்தது. ஆசீர்வதிக்கும் கையில் விரல்கள் கரைந்து, கை ஒரு சின்னக் கரண்டிபோல ஆகியிருந்தது. சுண்ணாம்புப் பொம்மையைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வார்கள்? அவள் அறிந்த முறைப்படி குழந்தையைத் தினமும் குளிப்பாட்டியிருக்கிறாள். அண்ணன் கண்ணில் படாதபடி எங்கே ஒளித்துவைத்தாலும் தேடி எடுத்து, கடல்தண்ணீரில் உட்காரவைத்து, துவட்டி, பவுடர் இல்லாததால் சாம்பல் பூசி, தூங்கவும் வைத்திருக்கிறாள்.

மிக்கேல் வெடித்து அழுதான். "பாலனக் கொன்னுட்டேன் சாமி. இவ ஒருநா குளிப்பாட்டையில மூக்கு போச்சு. அப்புறம் கண்ணு போச்சு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் போர்டிங்குக்கு வருவேன்?"

என்னிடம் ஒரு சிறு பேருரை தயாராக இருந்தது. பொறுப்பில் விடப்பட்ட பொருளுக்குச் சேதம் நேர்ந்தால் உடனே தகவல் தெரிவிக்க வேண்டிய கடமையில் அது தொடங்குவதாக இருந்தது. ஆனால் அதற்குள் சாமியார் மணலில் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். ஐஸ் சுமந்து சிவந்து வீங்கியிருந்த மிக்கேலின் கைகளைத் தம் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டார்.

"என் தப்புடா மிக்கேலு," என்றார். "நான்தான் பெரிய புத்திசாலின்னு நெனச்சுப் பண்ணிட்டேன். என்னய மன்னிச்சுக்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குளிப்பாட்டியவள் தங்கை. கவனிக்காமல் விட்டவன் அண்ணன். ஆட்சேபம் தெரிவித்தவன் நான். இந்த வரிசையில் சாமியாரின் தப்பு எங்கே வருகிறது? மிக்கேலுக்கும் விளங்கவில்லை போலிருந்தது. ஆனால் அழுகையை நிறுத்திவிட்டு, "சரி சாமி," என்று மன்னித்தான்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு சிக்கல்தான். தங்கை பாலனைத் தர மறுத்தாள். அம்மா கேட்டுப் பார்த்தாள், அப்பா கேட்டுப் பார்த்தார், மாமா தம் லாரிச் சாவியைக் காட்டி ஆசை காட்டினார். தூளியின் முன்னால் கையை விரித்து நின்றுகொண்டு, "என் பாப்பா," என்று ஊரே கேட்கக் கத்தினாள். தீர்மானத்தின் நகல் என் பையில் இருந்தது. அதை அவளிடம் காட்டிப் பயனில்லை என்று எனக்கே தெரிந்தது.

"இருக்கட்டும்மா, நீயே வச்சுக்க," என்றார் சாமியார். "ஆனா ஒங்க அண்ணன நான் கூட்டிட்டுப் போறேன்."

அவள் யோசித்துப் பார்த்து, அண்ணனை எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தாள்.

மிக்கேலின் அப்பா அப்போதுதான் சிரித்தார். "நல்ல ஏவாரம் சாமி. எம் புள்ளையக் கூட்டிக்கிட்டு, ஒங்க புள்ளைய விட்டுட்டுப் போறீங்க."

திரும்பும்போது லாரியில் மீன் பாரம். முன்னால் ஐந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். மிக்கேல் சாமியார் தோளில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கினான். நான் அறந்தாங்கிவரை, போன காரியம் நடக்கவில்லை என்பதை விளக்கிக்கொண்டே வந்தேன்.

"சாமி," என்றார் மாமா, "இவ்வளவு தூரம் வாயக் கட்டிட்டேன். இவன ஒரே ஒரு வார்த்த திட்டிக்கிறேனே?"

"ஒண்ணுதான?" என்றார் சாமியார். "திட்டிக்க."

மாமா நன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரு வார்த்தை சொன்னார். சாமியார் வெளியே வேடிக்கை பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் குடில் கட்டினோம். தரையில் பரப்பும் பச்சைத் துணியையும் நட்சத்திரத்தையும் எடுத்துவரச் சாமியார் என்னைத் தம் பங்களாவுக்கு அனுப்பினார். அது காங்கிரீட் போட்ட மாடிக் கட்டடம். புயலில் அதற்கு ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. உள்ளறையில் பெரிய மர அலமாரி. அதன் கீழ்த்தட்டில்தான் சுரூபங்கள் வருடம் முழுவதும் இருக்குமாம். பழைய வைக்கோல்கூட நனையாமல் மொறுமொறுவென்று கிடந்தது. அதன்மேல் மாடு, கழுதை, ஒட்டகம் எல்லாம் படுத்திருந்த பள்ளங்கள் அப்படியே தெரிந்தன.

இவ்வளவு நல்ல இடத்தை வைத்துக்கொண்டு ஒட்டகத்தை என் தலையில் கட்டியிருக்கிறார். நான் வெளியே வந்து ஆரோக்கியத்தின் காதில் சொன்னேன்: "சாமிக்கு ஞாபகமறதிடா. வெளிய சொல்லிக்கிறாத."

குடில் அழகாக அமைந்தது. மாதா, சூசையப்பர், இடையர், ராசாக்கள், மாடு, கழுதை, என் ஒட்டகம். நடுவில், பாலனைக் கிடத்தும் முன்னணையில் வைக்கோல் மட்டும். புதிதாக ஒரு பாலன் வாங்கலாம் என்றேன். கடையில் பொம்மையாவது வாங்கித் துணியில் சுற்றி வைக்கலாம், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது என்றும் சொன்னேன். சாமியார் எதற்கும் சம்மதிக்கவில்லை. கடைசி முயற்சியாக நேராகவே சொன்னேன்.

"சாமி, ஒரு ஆளு கொறையுது."

சாமியார் குடிலைப் பார்க்கவில்லை. திரும்பி, பாதிக் கூரையின் கீழே முறுக்குத் தட்டைச் சுற்றி அடித்துக்கொண்டிருந்த எங்கள் பையன்களைப் பார்த்தார். மிக்கேல் இன்னொருவன் முதுகில் ஏறி ஒரு கையால் தட்டை எட்டிக்கொண்டிருந்தான். சாமியார் ஒவ்வொரு தலையாகப் பார்த்து முடித்தார்.

"எல்லாரும் வந்தாச்சுடா," என்றார்.

நான் குடிலை மறுபடியும் எண்ணினேன். கழுதையிலிருந்து தொடங்கியும் எண்ணினேன், ராசாக்களிலிருந்து தொடங்கியும் எண்ணினேன். எப்படி எண்ணினாலும் ஒன்று குறைந்தது. சாமியாருக்குக் கணக்கும் வராது போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டு, முறுக்கு தீர்வதற்குள் நானும் ஓடினேன்.